உட்டாச்சு அண்ணனுக்கு மிச்சமிருந்த சோறு

உங்களுக்குக் கடைசியாகக் கோபம் வந்தது எப்போது? சரி, அதற்கு முந்தின வேளை என்ன சாப்பிட்டீர்கள்?

சிரிக்காதீர்கள். இதே கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டபோது நானும் சிரித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்த வழியாகவே உள்ளே போய்விட்டது.

புதுச்சேரியில் சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆனால் ஒரு ரூட் முழுக்க நடுங்க வைத்த ஒரே சைவர் உட்டாச்சு அண்ணன்தான். ரெட்டியார்பாளையத்திலிருந்து டவுன் மார்க்கெட்டுக்கு ஷேர் டெம்போ ஓட்டுகிறவர். சைவம் சாப்பிட்டால் மனசு சாந்தமாகும், குரல் மென்மையாகும், முகத்தில் ஒரு ஒளி வரும் என்று யாராவது உங்களிடம் அடித்துவிட்டால், அப்படிச் சொன்னவரைக் காலை எட்டேகாலுக்கு எங்கள் ஸ்டாப்பில் வந்து நிற்கச் சொல்லுங்கள். ஒளியை நேரில் பார்க்கலாம். ஹெட்லைட் மாதிரி நேராகக் கண்ணில் அடிக்கும்.

ஆள் ஆறடி. மீசை இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கும். கை மட்டும் தனி சைஸ். அந்தக் கையில் டெம்போவின் ஹேண்டில் குழந்தைகள் சைக்கிள் ஹேண்டில் மாதிரி தெரியும்.

நான் டிகிரி முடித்து டவுனில் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்த முதல் நாள். பேக்கரியில் ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு டெம்போவைப் பிடிக்க ஓடினேன். பின்னால் பத்துப் பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். டிரைவர் பக்கத்து சீட் மட்டும் காலி. மற்ற டெம்போக்களில் அந்த சீட்டுக்கு அடிதடியே நடக்கும். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். டிகிரி படித்தவனுக்கு அதெல்லாம் எங்கே வரும்? ஜம்மென்று ஏறி உட்கார்ந்து பப்ஸைப் பிரித்தேன்.

"என்னா அது?"

"முட்டை பப்ஸுண்ணே."

"இப்ப துன்னப் போறியா?"

"ஆமாண்ணே. ஏன், உங்களுக்குப் பாதி வேணுமா?"

பின்னால் யாரோ பயத்தில் இருமினார்கள்.

"தம்பி, நீ கடசியா எப்ப கோவப்பட்ட?"

"நேத்துண்ணே. நெட்டு ஸ்லோவா இருந்துச்சு. செம காண்டாயிட்டன்."

"அதுக்கு முன்னாடி என்னா சாப்ட்ட?"

"பரோட்டா. முட்ட சால்னா."

அவர் பப்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பப்ஸைப் பார்த்தார். ரோட்டை மட்டும் பார்க்கவே இல்லை. எதிரில் ஒரு தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது.

"பாத்துக்க," என்றார்.

நான் பப்ஸைப் பையில் போட்டேன். அது மூன்று நாள் பையிலேயே இருந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

விவரமெல்லாம் அப்புறம் செல்வி அக்கா சொல்லித்தான் தெரிந்தது. செல்வி அக்கா கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவர். எங்கள் டெம்போவில் வந்து, நடுவில் சிக்னலில் இறங்கி, கோரிமேடு வண்டி மாறுவார். கூடவே தினமும் வருகிற இன்னொருவர் மேஸ்திரி. கட்டட வேலை. வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். என் பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே எனக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்தவர்.

"அவுரு மேல கோவப்படாத தம்பி," என்றார் செல்வி அக்கா. "அவுரு கோவத்தைத் தேடிக்கினு இருக்காரு."

"தேடறதுக்கு என்னக்கா இருக்கு? மூஞ்சிலயே இருக்குதே."

"எந்தச் சாப்பாட்டுல இருக்குதுன்னு தேடறாரு."

கதை இதுதான். ஏழு வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கறிக்குழம்பு. சாப்பிட்டு எழுந்து வெளியே வந்தால், கூடப்பிறந்த தம்பி கேட்காமல் டெம்போவை எடுத்துப் போய் சுவரில் உரசிக்கொண்டு வந்திருக்கிறான். அண்ணன் ஒரே ஒரு அறைதான் விட்டார். அந்தக் கையால் ஒன்றே போதும். தம்பிக்கு இடது காது போய்விட்டது. பெண்டாட்டி பிள்ளைகளோடு காலாப்பட்டுப் பக்கம் குடி போய்விட்டான். அதற்கப்புறம் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு அண்ணன் கைகழுவாத கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். விரலில் குழம்பு காய்ந்திருந்தது. "இதுதான்டா என்ன இப்புடிப் பண்ண வெச்சுது," என்று சொல்லிவிட்டு எழுந்தார். மட்டன், உட்டாச்சு.

சரி, அதோடு நின்றிருந்தால் ஊரில் நாலு பேர் பாராட்டியிருப்பார்கள். ஆனால் கோபம் நிற்கவில்லை. நாலாவது மாதம் டெம்போ ஸ்டாண்டில் வரிசை தப்பி வந்தவனைச் சட்டையோடு தூக்கி டெம்போ கூரை மேல் உட்கார வைத்துவிட்டார். முந்தின வேளை என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தார். கோழி. அப்படியென்றால் கோபம் மட்டனில் மட்டும் இல்லை, கோழியிலும் இருக்கிறது. கோழி, உட்டாச்சு.

அடுத்தது மீன். கடலை ஒட்டின ஊரில் பிறந்துவிட்டு மீனை விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீனை விட்ட அன்று அவர் அழுததாக மேஸ்திரி சத்தியம் செய்கிறார். அதற்கப்புறம் முட்டை. முட்டை தோசை சாப்பிட்ட அன்று, யாரையும் அடிக்கக் கூடாது என்று தன்னையே கட்டுப்படுத்திக்கொண்டு, சொந்த வண்டிக் கண்ணாடியில் குத்தினார். கண்ணாடி போனது. முட்டையும் போனது.

சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். "என்னா, சாமியாரா ஆவப் போறியா? காவி எப்ப?" என்று கேட்ட மாமன் ஒருவர் இன்றுவரை அவர் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவர் கேலி செய்த நாளில் அண்ணன் நெய் போட்ட பொங்கல் சாப்பிட்டிருந்தார். நெய், உட்டாச்சு.

நான் சேர்ந்த நேரத்தில் அவர் விடுகிற வரிசை டீ வரைக்கும் வந்திருந்தது. டீயை விட்ட அந்த வாரம்தான் என் வாழ்க்கையின் மிக மோசமான வாரம். செமஸ்டரில் மூன்று அரியர் வைத்த வாரம்கூட இவ்வளவு பயங்கரமாக இல்லை.

ஒரு சிக்னலில் கார்க்காரன் ஒருவன் பச்சை விழுந்த பிறகும் போன் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் இறங்கிப் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டு, போனை வாங்கி, காரின் டிக்கி மேல் வைத்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் முகம் மாறிவிட்டது.

"செல்வி, காலைல டீ மட்டும்தாம்மா குடிச்சன்."

"வேணாண்ணே. டீயெல்லாம் உடாதீங்க."

"டீல இல்ல. டிகாஷன்ல கோவம் எங்க இருக்கப் போவுது? பால்லதான்."

பால், தயிர், மோர் எல்லாம் ஒரே நாளில் உட்டாச்சு. டீ போனதும் தலைவலி வந்தது. தலைவலி வந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும், காலையில் சாப்பிட்ட இட்லிக்குத் தொட்டுக்கொண்ட வெங்காயச் சட்னி மாட்டியது. வெங்காயம் போனதும் சாம்பார் சப்பென்று ஆனது. அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டு வந்த கடுப்பில் பூண்டு போனது. ஒரே வாரத்தில் ஐந்து. டெம்போவுக்குள் யாரும் போனில் பேசவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூச்சுக்கூட ஒழுங்காக வரிசையில் விட்டார்கள்.

ஒரு தடவை அண்ணன் ஏமாற்றப் பார்த்தார். "நேத்து கோவம் வந்துச்சு. பாவக்கா உட்டாச்சு," என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மேஸ்திரி வெற்றிலையை ஒதுக்கினார். "பாவக்காய நீ எப்பய்யா சாப்ட்ட? பொறந்ததுலேந்து தொட்டதில்லன்னு உன் பொண்டாட்டி சொல்லுது. போங்காட்டம் ஆடற."

நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் கோபப்படவில்லை. காது சிவந்து, வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஒழுங்காக உருளைக்கிழங்கை விட்டுவிட்டு வந்தார். அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதற்கு நடுவில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். 'பாண்டியின் முதல் வீகன் டெம்போ டிரைவர்' என்று ஒரு ரீல் எடுத்துப் போட்டேன். அது ஓடித் தொலைத்தது. ஒயிட் டவுன் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, துணிப்பை, தோளில் கேமரா சகிதம் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். அவரும் பால்கூடத் தொடாத வீகன். கண்ணில் அப்படி ஒரு பரவசம்.

"சார், பால் ஏன் விட்டீங்க? பசு மேல இருக்கிற கருணையா?"

"இல்லம்மா. சிக்னல்ல ஒரு கார்க்காரன்."

"சுற்றுச்சூழலையும் நினைச்சீங்களா? பூமி சூடாகறதை?"

"அத கேளு. வெயிலு ஏற ஏற கோவமும் ஏறுது."

அந்த அக்கா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "உங்களுக்கு ரொம்ப மென்மையான மனசு சார். உங்க சாப்பாட்டுலயே தெரியுது," என்றார். மேஸ்திரிக்கு வெற்றிலைச் சாறு மூக்கில் ஏறி, செல்வி அக்கா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்புடியா தெரியுது?" என்று திரும்பத் திரும்ப இரண்டு தடவை கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு ஆசை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. ரீலை டெலிட் செய்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. விட்ட பிறகு அவரிடம் ஏதோ மாறித்தான் இருந்தது. ரோட்டில் ஆடு படுத்திருந்தால் ஹாரன் அடிக்க மாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அதனிடம் பேசுவார். "எந்திரிம்மா. ஆபீஸ் போறவங்கல்லாம் இருக்காங்க." ஆடு யோசித்து எழுந்திருப்பதற்குள் எனக்கு அட்டெண்டன்ஸ் போய்விடும். கறி சாப்பிட்ட காலத்தில் ஆட்டைக் கண்ணெடுத்துப் பார்த்ததே இல்லையாம். அதனால் சாப்பாட்டுக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மனிதர்கள் மேல் மட்டும் அது வேலை செய்யவில்லை. அவ்வளவுதான்.

புளி போனது. மிளகாய் போனது. பருப்பு போனது. கீரை ஒன்றுதான் ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது. அதுவும் போன மாதம், பைக்கில் போன ஒருவன் இவர் வண்டி மேல் எச்சில் துப்பின அன்று போய்ச் சேர்ந்தது.

அதற்குள் ஆள் பாதியாகியிருந்தார். பெல்ட்டில் ஆணி வைத்து அவரே புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் என் கையை விடலாம். இத்தனை நாளும் நாங்கள் பயந்தது அவரைப் பார்த்து. இப்போது அவர் போய்விடுவாரோ என்று பயம். முதல் பயம் எவ்வளவோ தேவலை. முதல் பயத்தில் நாங்களாவது இறங்கி ஓடிவிடலாம்.

ஒரு நாள் சிக்னலில் செல்வி அக்கா இறங்கவே இல்லை. "என்னண்ணே மிச்சம் இருக்குது?" என்றார்.

"சோறு இருக்குது. உப்பு இருக்குது."

"அடுத்தது?"

"உப்ப மட்டும் உட்டா நியாயமா இருக்காது. அது ஒரு சாப்பாடா? அடுத்தது சோறுதான்."

அப்போது செல்வி அக்காவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் தினமும் எதையெதையோ பார்க்கிற முகம் அது. எனக்கு அவர் ஒன்றும் விளக்கவில்லை. "தம்பி, இன்னொரு கோவத்துக்கு இந்த ஒடம்பு தாங்காது," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் டெம்போ ஒரே அமைதிப்படையாக மாறியது. முன் சீட்டில் நான். எனக்குத் தெரிந்த மொக்கை ஜோக்கெல்லாம் சொல்வது என் டியூட்டி. ஓரத்தில் வருகிற வண்டிகள் அவர் கண்ணில் படாமல் உடம்பால் மறைப்பது மேஸ்திரி டியூட்டி. செல்வி அக்காவும் சிக்னலில் இறங்காமல் மார்க்கெட் வரை கூடவே வந்து, அங்கிருந்து கோரிமேடு வண்டி பிடித்தார். எச்சில் துப்புகிற மாதிரி எவன் முகத்தைக் கொண்டுவந்தாலும் நான் கும்பிடு போட்டுவிடுவேன். இரண்டு வாரத்தில் இந்த ரூட்டில் நான் கும்பிடாத பைக்காரன் கிடையாது. சனி, ஞாயிறுதான் நரகம். வெளியூர் நம்பர் கார்கள் நம் ஒன் வே எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்துக்கொண்டு வரும்.

இதில் எங்களுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் சோற்றைப் பார்த்தே பயப்பட ஆரம்பித்திருந்தார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பார், பார்ப்பார், மூடுவாராம். சாயங்காலம் திரும்பும்போது கேட்டால், "பசிக்கல," என்பார். நாங்களும் நம்பினோம்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மார்க்கெட் பக்கம் பைப் போடத் தோண்டி வைத்திருக்கிறார்கள். அதனால் அண்ணன் பக்கத்திலிருந்த குறுகலான ஒன் வேயில் வண்டியைத் திருப்பினார். பாதித் தெரு போயிருப்போம். எதிரில் ஒரு கார், தப்பான பக்கத்திலிருந்து, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி வந்து நின்றது. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு ஆள். ஹாரனில் கையை வைத்தான். எடுக்கவே இல்லை.

ஜோக் சொல்ல வேண்டியது என் வேலை. கும்பிட வேண்டியதும் என் வேலை. நான் என்ன செய்தேன்? தலையை வெளியே நீட்டி, "பாஸ், ஒன் வே போர்டு தெரியலையா? கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க," என்றேன். இத்தனை நாள் கும்பிட்டதெல்லாம் உள்ளே சேர்ந்து கிடந்தது போல.

அவன் இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். ஒரு கால் வண்டியில், ஒரு கால் ரோட்டில். பட்டன் தெறித்தது. அவன் கை ஓங்கினது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணன் இறங்கினார். முன்பெல்லாம் அவர் இறங்கினால் வண்டி ஒரு சாண் மேலே எழும்பும். இன்றைக்கு அசையக்கூட இல்லை.

"ஏய்!"

ஒரே ஒரு சத்தம். மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது. கண்ணைத் திறந்தேன். அண்ணனின் கை மேலே போயிருந்தது. உடம்பு இளைத்தாலும் அந்தக் கை மட்டும் இளைக்கவே இல்லை. அவன் காதுக்கு நாலு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. அப்படியே நின்றது. கீழே வரவில்லை, மேலேயும் போகவில்லை. அவன் என் காலரை விட்டுவிட்டுக் காருக்குள் ஓடி, தெரு முழுக்க ரிவர்ஸிலேயே போனான்.

அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் ஒரு பெரிய மர நிழலில் நிறுத்தினார். என் வாயால் ஒரு ஆள் சோற்றை விடப்போகிறார்.

செல்வி அக்காதான் கேட்டார். "அண்ணே, காலைல என்னா சாப்ட்ட?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத. நேத்து ராத்திரி?"

"தண்ணி குடிச்சன்மா. நேத்து மத்தியானத்துலேந்து எதுவும் துன்னல. எங்க கோவம் வந்துடுமோன்னு பயம்."

சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினார். அவர் சொன்னது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணுமே சாப்புடலயே செல்வி. அப்ப இது எதுலேந்து வந்துச்சு?"

ஆறடி ஆளின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. இந்த ஒரு வருஷமாக எங்கள் எல்லோருக்கும் சேர்ந்து வந்த பயத்தைக் கூட்டினாலும் அதில் பாதி வராது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கறி மேல தப்பு இல்லயா? நான்தான் என் தம்பிய அடிச்சனா?"

எனக்கு ஏதாவது பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஒரு பொய்யும் வரவில்லை. மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி முன்னால் வந்து நின்றார்.

"ஆமாய்யா. நீதான் அடிச்ச. ஆடா வந்து அடிச்சுது?"

"மேஸ்திரி, சும்மா இருங்க," என்றேன்.

"நீ சும்மா இருடா டிகிரி. வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காது." அண்ணனிடம் திரும்பினார். "அன்னைக்கி நீதான் அடிச்ச. சரி. இன்னைக்கி ஓங்கின கைய யாரு புடிச்சா? வயிறு காலி. கத்திரிக்காயா வந்து புடிச்சிச்சு? கீரையா புடிச்சிச்சு? சொல்லுய்யா."

அண்ணன் ஓங்கின கையை மெதுவாக மடக்கிப் பார்த்தார்.

"ஓங்கினதும் நீதான். நிறுத்தினதும் நீதான். சோறு என்னா பண்ணுச்சு பாவம்?"

"பசியில இருந்தா யாருக்குந்தான் எரிச்சல் வரும்," என்றார் செல்வி அக்கா. "எதயாவது உட்டாத்தான் ஆவும்னா பசிய உடுண்ணே."

இதெல்லாம் நடந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. மற்றவர்கள் இறங்கி நடந்துவிட்டார்கள்; நாங்கள் மூன்று பேரும் வேலைக்குப் போகவில்லை. செல்வி அக்கா ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டார். என் ஆபீஸிலிருந்து நாலு மிஸ்டு கால். மேஸ்திரி மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்குகிற மாதிரி நடிக்கிறார். ஒரு கண் திறந்திருக்கிறது. நான் பின் சீட்டில் பட்டன் இல்லாத சட்டையோடு உட்கார்ந்து, அவரைப் பார்க்காதவன் மாதிரி இருப்பதற்காக, போனில் இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். கை வேர்க்கிறது, தப்புத் தப்பாக விழுகிறது.

அண்ணன் முன் சீட்டில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மூடியில் கை வைத்தார், எடுத்தார். இன்னொரு தடவை கூடப்பிறந்த தம்பியின் பெயரை மெதுவாகச் சொன்னார். எங்களிடம் இல்லை. செல்வி அக்கா தன் டப்பாவிலிருந்து கொஞ்சம் சாம்பாரை ஒரு மூடியில் ஊற்றி, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு வந்தார். அதில் வெங்காயம், பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் இருக்கிறது. இதில் எதை அவர் தொடுவார், எதை ஒதுக்குவார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

மணி பதினொன்று பத்து. அண்ணன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.